காட்பாடிக் கூடத்தின் பெயர்ப்பலகை: குத்துச்சண்டையா, எம்.எம்.ஏ.வா?

வேலூரில் எந்தச் சண்டை விளையாட்டுக்கு ஆதரவு அதிகம் என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். கல்லூரி விடுதியில் கேட்டால் எம்.எம்.ஏ. என்பார்கள்; குத்து, உதை, மல்லுப்பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை அது. ஓய்வுபெற்ற சிப்பாயின் வீட்டுத் திண்ணையில் கேட்டால் குத்துச்சண்டை என்பார்கள். இரண்டு பதிலுமே சரிதான். பார்க்கும் கூட்டம் ஒன்று, பழகும் கூட்டம் வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போட்ட ஒரு பயிற்சிக் கூடம் என்ன பாடுபட்டது, எப்படி மீண்டது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கூடம் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நடத்துபவர் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது படைப்பிரிவுக்காகக் குத்துச்சண்டை ஆடியவர். பிள்ளைகளைப் போலவே நானும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பதால், துடிப்பான மாணவர்களை அவரிடம் அனுப்பிவைப்பது என் வழக்கம். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு, அக்கறையும் உண்டு.

மண்ணின் பின்னணி

தமிழ்நாட்டில் குத்துச்சண்டை என்றவுடன் வடசென்னைதான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற விளையாட்டைத் துறைமுகத் தொழிலாளர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டு, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாக, அதாவது குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து மோதிய வரலாறு அங்கே இருக்கிறது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை அந்தத் தலைமுறையினர் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

வேலூர் இருக்கும் வட ஆற்காட்டில் பரம்பரைகள் இல்லை. இங்கே குத்துச்சண்டை ராணுவத்தின் வழியாக வந்தது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே அழைக்கிறோம். காட்பாடிக்கு அருகே சேவூரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணி ஒன்று இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளமும், பக்கத்தில் தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையமும் இருக்கின்றன. சீருடை என்பது இந்த மாவட்டத்துக் குடும்பங்களுக்கு எட்டாத கனவு அன்று. பெரியப்பாவோ தாய்மாமனோ ஏற்கெனவே போட்டிருக்கும் ஒன்று. விடுமுறைக்கு வரும் அந்த மாமன் ஒரு ஜோடி பழைய கிளவுஸைக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகையில் கோணிப்பையைத் தொங்கவிடுவார். பல கிராமங்களில் குத்துச்சண்டை இப்படித்தான் தொடங்கியது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த ஊருக்கு ஒரு விளையாட்டு எப்படி வேலையாகவும் பெயராகவும் மாறும் என்பது தெரியும். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பளுதூக்குதலில் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் முன்னாள் ராணுவ வீரர், பளுதூக்குபவர். ஒரு சின்ன உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போகலாம் என்று கண்ணால் பார்த்த ஊர் இது.

கண்கள் போன இடம்

தொண்ணூறுகளில் கேபிள் டி.வி. வந்தபோது நம் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தக் காட்சி. பள்ளிக்கூட வாசலில் டிரம்ப் கார்டு மாற்றிக்கொள்ளாத பையன் கிடையாது. ஜோடனையான அந்தச் சண்டைக்குப் பழகிய கண்களுக்கு, உண்மையாகவே அடித்துக்கொள்ளும் எம்.எம்.ஏ. அடுத்த படியாக வந்து சேர்ந்தது.

எம்.எம்.ஏ.வின் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி. தன் முதல் போட்டியை 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தியது. எந்தக் கலை சிறந்தது என்று ஒரே இரவில் தீர்த்துவிடுவதுதான் நோக்கம். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் இறங்கினார். ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி அவரைத் தரையில் சாய்த்து மேலே ஏறியதும், ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்று பட்டம் வென்றவர் கிரேசி. விதிகள் மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதர்களின் சேவல் சண்டை என்று சாடினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. எடைப் பிரிவுகளும் ஒரே சீரான விதிமுறைகளும் வந்த பிறகே விளையாட்டு தலை நிமிர்ந்தது. 2001-இல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யு.எஃப்.சி., 2016-இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

இந்த வளர்ச்சியில் வீரர்களின் திறமைக்கு இருக்கும் பங்கைப் போலவே அமைப்பு முறைக்கும் பங்கு உண்டு. யு.எஃப்.சி.யில் ஓர் எடைக்கு ஒரு சாம்பியன். யாரோடு யார் மோதுவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் கொடுக்கின்றன. ஒரே எடையில் நான்கு உலக சாம்பியன்கள் இருந்தால் பதினைந்து வயதுப் பையன் யாரை நினைவில் வைப்பான்? குத்துச்சண்டையின் இரு பெரும் நட்சத்திரங்களான மேவெதரும் பாக்கியாவோவும் மோத வேண்டும் என்ற பேச்சு 2009-இல் தொடங்கியது. அவர்கள் ரிங்கில் ஏறியது 2015 மே 2 அன்று. அதற்குள் இருவருமே தங்கள் உச்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

ஆனாலும் அந்த ஒரே இரவைத் தொலைக்காட்சியில் பார்க்க அமெரிக்காவில் 46 லட்சம் பேர் பணம் கட்டினார்கள். எம்.எம்.ஏ.வின் மிகப் பெரிய இரவான 2018-இன் கபீப், மெக்ரிகர் மோதலுக்கு அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 24 லட்சம். 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசன், யூடியூப் பிரபலம் ஜேக் பாலுடன் ஆடியதை 6 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. திருவிழாக் கூட்டம் இன்னும் குத்துச்சண்டைக்குத்தான் கூடுகிறது. எம்.எம்.ஏ.வின் பலம் வாரந்தோறும் கூடும் கூட்டம். இளைஞர்களின் பழக்கத்தை உருவாக்குவது இரண்டாவது வகைக் கூட்டம்தான்.

நம் ஊர் நேரமும் எம்.எம்.ஏ.வுக்குக் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் முக்கியச் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலை ஏழரை, எட்டரை மணிக்கு வருகின்றன. விடுதியில் சோம்பலாக எழுந்து, இட்லித் தட்டும் கைபேசியுமாக உட்காரத் தோதான நேரம். மாஸ்டரின் கூடத்தில் ஸ்பாரிங் என்னும் பயிற்சி மோதல் நடப்பதும் அதே ஞாயிறு காலையில்தான். பையன்கள் வராமல் போகும் ஞாயிறுகளையும் யு.எஃப்.சி. அட்டவணையையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், தன் போட்டியாளர் யார் என்பது அவருக்குப் புரிந்தது.

பலகை மாறியது

கொரோனா ஊரடங்கு பல கூடங்களை மூடியது. மாஸ்டரின் கூடம் மூடவில்லை, வாடகைக் கடனோடு திறந்தது. பழைய பிள்ளைகளில் பலர் திரும்பி வரவில்லை. 2021-இல் வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றிய தமிழ்த் திரைப்படம் ஒன்று இணையத்தில் வெளியாகிப் பெரிதாகப் பேசப்பட்டபோது, கூட்டம் ஒன்று வந்தது. கயிறு தாண்டுவதும், கண்ணாடி முன் நின்று ஒரே நேர்க்குத்தை நூறு முறை போடுவதுமாகச் சில வாரங்கள் போனதும் அந்தக் கூட்டம் கரைந்தது. தேடி வந்து கேட்பவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான்: "மாஸ்டர், இங்கே எம்.எம்.ஏ. சொல்லித் தருவீர்களா?"

அவர் பலகையை மாற்றினார். மேலே பெரிய எழுத்தில் எம்.எம்.ஏ., கீழே சிறிய எழுத்தில் குத்துச்சண்டை. கடன் வாங்கித் தரைக்கு மெத்தை விரித்தார். மல்லுப்பிடி சொல்லித்தர பெங்களூரிலிருந்து ஒருவர் வார இறுதிகளில் வந்துபோனார். காட்பாடியிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தான் என்பதால் அது நடந்தது.

மாலை வகுப்பு நிரம்பியது. வந்தவர்களில் பாதிக்கும் மேல் பொறியியல் கல்லூரி மாணவர்கள். மணிப்பூர், அரியானா, கேரளம் என்று பல ஊர்க்காரர்கள். கட்டணத்தை உடனே கட்டினார்கள், நன்றாகவும் உழைத்தார்கள். செமஸ்டர் தேர்வு வந்ததும் நின்றார்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. படிக்க வந்த ஊரில் உடம்பைத் திடமாக வைத்துக்கொள்ளப் பழகினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு கூடம் நிலைத்து நிற்க வேண்டுமானால், ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து வரும் உள்ளூர்ப் பிள்ளை வேண்டும்.

கோடை வேறொரு பாடம் நடத்தியது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வியர்வையில் ஊறிய மெத்தையில் இருவர் கட்டிப் புரண்டால் படர்தாமரை வரும். ஒருவருக்கு வந்தது, ஒரு மாதத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவியது. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் மெத்தையைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், தோலில் வட்டம் தெரிந்தால் அந்தப் பையனை நிறுத்திவைக்க வேண்டும். குத்துச்சண்டைக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லை. கிளவுஸ், கைக்கட்டு, மவுத் கார்டு, தாண்டுகயிறு, தொங்கும் மூட்டை என்று ஏழை வீட்டுப் பிள்ளையும் பழகிவிடலாம். எம்.எம்.ஏ. கற்பிப்பதற்கான செலவைச் சிற்றூர்க் கூடங்கள் பலகை எழுதும் முன்பே கணக்குப் போட வேண்டும். அதை நான் பார்க்கும் ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

தாய்மார்களின் கேள்வி

உள்ளூர்ப் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுப்பது பிள்ளைகள் அல்லர். குடியாத்தத்தில் பீடி சுற்றும் தாயும், ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் தாயும்தான் முடிவெடுக்கிறார்கள். மகனைச் சேர்க்க வந்த ஒரு தாய் பலகையைப் பார்த்துவிட்டு, "இதில் சான்றிதழ் கிடைக்குமா மாஸ்டர்? எந்த வேலைக்குச் செல்லும்?" என்று கேட்டார். மாஸ்டரிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. குத்துச்சண்டைக்குக் கிடைக்கும், எம்.எம்.ஏ.வுக்கு அப்படிக் கிடைக்காது.

குத்துச்சண்டைக்கு ஏணி இருக்கிறது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் அது உண்டு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள் தெளிவாக இருக்கின்றன. ராணுவமும் ரயில்வேயும் மத்தியக் காவல் படைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் குத்துச்சண்டை வீரர்களை எடுக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விஜேந்தர் சிங் 2008-இல் பெய்ஜிங்கிலும், மேரி கோம் 2012-இல் லண்டனிலும், லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோவிலும் வென்ற ஒலிம்பிக் வெண்கலங்கள், அந்த ஏணியின் உச்சி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன.

எம்.எம்.ஏ.விலும் இந்தியர்கள் முன்னேறாமல் இல்லை. பரத் கந்தாரே 2017-இல் யு.எஃப்.சி.யில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அன்ஷுல் ஜூப்லி 2023-இல் தகுதித் தொடரை வென்று ஒப்பந்தம் பெற்றார். பூஜா தோமர் 2024 ஜூனில் அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். மூவரையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் காட்பாடிச் சிறுவனுக்கும் அந்தக் கூண்டுக்கும் நடுவே பள்ளிப் போட்டி இல்லை, ஒதுக்கீடு இல்லை, தோற்றாலும் கையில் மிஞ்சும் ஒரு காகிதம் இல்லை.

குத்துச்சண்டையின் ஏணியும் ஆடாமல் நிற்கவில்லை. 2022-இல் ராணுவத்தில் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தபோது, நான்கு ஆண்டுப் பணிக்காக இவ்வளவு அடி வாங்க வேண்டுமா என்று சில தந்தையர் கேட்டார்கள். 2023 ஜூனில் பன்னாட்டுக் குத்துச்சண்டை சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு ரத்து செய்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்குமா என்பதே ஐயமானது. 2025 மார்ச்சில்தான் இருக்கும் என்று உறுதியானது. அந்த இடைவெளியில் மாஸ்டர் பட்ட கவலையை அருகிலிருந்து பார்த்தேன். ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டால் ஒதுக்கீடும் நாளடைவில் தேயும் என்று அவர் அஞ்சியது நியாயமான அச்சம்.

பெண் பிள்ளைகளின் கதை தனி. பலகை மாறிய பிறகு அவர்களின் வருகை வேகமாகக் குறைந்தது. தரையில் கட்டிப்புரளும் பயிற்சிக்குப் போதிய பெண் துணை இல்லை, பையன்களோடு செய்ய வீட்டில் விடமாட்டார்கள். வீட்டாரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதனால் ஒரு பெண்ணின் பயிற்சி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரணாம்பட்டைச் சேர்ந்த ஒரு தந்தை தன் மகளைச் சேர்க்க வந்தபோது, நிகத் ஜரீனின் பெயரைத்தான் முதலில் சொன்னார். தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் பிறந்து, 2022-இலும் 2023-இலும் உலக சாம்பியன் ஆனவர் நிகத். "அந்தப் பிள்ளையின் வாப்பா துணை நின்றாரே, நான் நிற்கக் கூடாதா மாஸ்டர்?" என்றார். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துக் குடும்பங்களில் அந்த ஒரு பெயர் செய்திருக்கும் வேலையை எந்த விளம்பரமும் செய்துவிட முடியாது.

இரண்டாவது பலகை

மாஸ்டர் பலகையை மறுபடி இறக்கினார். இப்போது அதில் இருப்பவை குத்துச்சண்டை, ஜூடோ. ஜூடோவும் ஒலிம்பிக் விளையாட்டு, பள்ளிப் போட்டிகளில் இடம்பெறுவது, சான்றிதழ் தருவது. எதிராளியைப் பிடித்துச் சாய்ப்பதும், தரையில் பூட்டுப் போடுவதும், கழுத்தை இறுக்குவதும் அதில் இருக்கின்றன, எம்.எம்.ஏ.வுக்குத் தேவையான மல்லுப்பிடியில் பெரும்பகுதி அதுவே. வாங்கிய மெத்தையும் வீணாகவில்லை. சனிக்கிழமை மாலைகளில் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் இரண்டையும் கலந்து ஒரு வகுப்பு நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் அதற்கு வருகிறார்கள், செமஸ்டர் முடிந்தால் போகிறார்கள். அவர்கள் போவது கூடத்தின் அஸ்திவாரத்தை இப்போது அசைப்பதில்லை. பெண்களுக்கான காலை வகுப்பை, கல்லூரி அளவில் ஜூடோ ஆடிய ஓர் இளம்பெண் நடத்துகிறார்.

ஞாயிறு ஸ்பாரிங் மாலைக்கு மாற்றப்பட்டது. காலையில் பார்த்த சண்டையைப் பற்றி முதல் பத்து நிமிடம் பேச மாஸ்டர் இடம் கொடுக்கிறார். 1976-இல் டோக்கியோவில் அலியும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோகியும் மோதி, இனோகி பதினைந்து சுற்றும் பெரும்பாலும் தரையில் படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துச் சமனில் முடித்த கதையை அவர் சொல்லும்போது பையன்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். 2017-இல் மெக்ரிகர் குத்துச்சண்டை விதிகளுக்குள் வந்து மேவெதரிடம் பத்தாவது சுற்றில் வீழ்ந்ததையும் சேர்த்தே சொல்கிறார். எந்த விதிக்குள் நிற்கிறோமோ அந்த விதிக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்பதை அவர்கள் இந்த இரண்டு சண்டைகளிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சென்ற ஆண்டு வெளியூர் அமைப்பாளர் ஒருவர் வந்து, கல்யாண மண்டபம் ஒன்றில் கூண்டு அமைத்து எம்.எம்.ஏ. இரவு நடத்தலாம், உங்கள் பையன்களை இறக்குங்கள் என்றார். டிக்கெட் வசூலில் பங்கு தருவதாகவும் சொன்னார். மாஸ்டர் கேட்டவை நான்கு. எடை பார்ப்பது எப்போது? ரிங் ஓரத்தில் மருத்துவர் இருப்பாரா? வாசலில் ஆம்புலன்ஸ் நிற்குமா? தலையில் அடிபட்டு மயங்கியவனை அடுத்த போட்டியிலிருந்து எத்தனை நாள் விலக்கி வைப்பீர்கள்? அமெச்சூர் குத்துச்சண்டையில் அப்படி விழுந்தவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது. 1982-இல் கொரிய வீரர் கிம் டுக் கூ சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு, பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைந்தன. உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. யு.எஃப்.சி.யும் அமெரிக்காவில் முறையான ஆணையங்களின் மேற்பார்வையில்தான் தன் போட்டிகளை நடத்துகிறது. வந்தவரிடம் நான்கு கேள்விக்கும் பதில் இல்லை, சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது என்றார்.

மாஸ்டர் மறுத்துவிட்டார். அவருடைய மூத்த மாணவர்கள் இருவர் கோபித்துக்கொண்டு கூடத்தை விட்டு விலகினார்கள். ஒருவன் என் பள்ளியில் படித்தவன், மாநில அளவில் ஆடக்கூடிய கையுள்ளவன். அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "சார், என்னைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள் என்றால் அங்கே போகக் கூடாதா? மாவட்டப் போட்டிக்கு எங்கள் அப்பாவைத் தவிர யார் வருகிறார்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டிகள் வேலை நாளின் நடுப்பகலில், அறிவிப்பே இல்லாமல், காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்து முடிகின்றன. அடுத்த போட்டியை நேதாஜி விளையாட்டரங்கில் ஞாயிறு மாலையில் நடத்த வேண்டும், பள்ளிகளுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் முன்கூட்டியே அழைப்பு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு சுற்றின் புள்ளிகளையும் ஒலிபெருக்கியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று மாஸ்டரும் நானும் சேர்ந்து அதிகாரிகளுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பையனின் பெயரைப் போட்டியாளர் பட்டியலில் சேர்க்க மாஸ்டர் இடம் விட்டு வைத்திருக்கிறார்.